எட்டாம் வகுப்புப் பக்கத்தில் நான் கண்ட தப்பு

வகுப்புக்கு ஒரு வெப்சைட் உண்டாக்குவது எப்படி என்று, புதிதாக ஆசிரியர் வேலையில் சேரும் உங்களுக்காக எழுதித் தரச் சொன்னார்கள். எங்கே தட்ட வேண்டும், எதை இழுத்து எங்கே விட வேண்டும் என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் சொல்லி முடிப்பதற்குள் அதுவும் மாறிவிடும். என்னிடம் சொல்ல இருப்பது வேறு. பக்கத்து வகுப்பு டீச்சரின் வெப்சைட்டைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில் ஒரு நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அந்த ஒரு நாள் என்ன செய்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

கேரளத்தில், திருவனந்தபுரம் மாவட்டத்து விதுராவில் ஒரு பள்ளியில் தமிழ் மீடியம் பிரிவில் சயன்ஸ் எடுத்தவன் நான். பொன்முடி ஏறும் ரோட்டில், மலை தொடங்குவதற்கு முன் இருக்கும் கடைத்தெரு ஊர் அது. எங்கள் தமிழ்ப் பிள்ளைகளில் பலர் மேலே தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களிலிருந்து பஸ்ஸில் இறங்கி வருவார்கள். பஸ் மிகக் குறைவு. ஒன்றை விட்டால் அன்றைக்குப் பள்ளிக்கூடம் இல்லை என்றே அர்த்தம். லயத்துக்குள் போனில் சிக்னல் கிடைக்காது. கொஞ்சம் கீழே ஒரு வளைவில் நின்றால் கிடைக்கும். யாருக்காவது அவசரமாகச் சேதி சொல்ல வேண்டுமென்றால் மேலே போகும் பஸ் கண்டக்டரிடம் ஒரு துண்டுச் சீட்டு கொடுப்போம். அவர் லயத்து வாசலில் வண்டியை நிறுத்தி, பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டுப் போவார். இது அங்கே எழுதாத ஏற்பாடு.

கம்ப்யூட்டர் எனக்கு யாரும் கற்றுத் தந்ததில்லை. ஒரு போட்டோஸ்டாட் கடையில் ஓரமாக உட்கார்ந்து, தட்டித் தட்டி, கெடுத்துக் கெடுத்துப் படித்தேன். அப்படிப் படித்து என் ஒன்பதாம் வகுப்புக்கு நானே ஒரு வெப்சைட் செய்தேன். திறந்தால் முதலில் மலைக்குப் பின்னால் சூரியன் உதிக்கும். வகுப்பின் பெயர் வலமிருந்து இடமாக ஓடும். வீணை வாசிக்கும். ஆண்டு விழா போட்டோக்கள், பிறந்தநாள் வாழ்த்து, தினம் ஒரு சிந்தனை, மூலையில் எத்தனை பேர் வந்து பார்த்தார்கள் என்று காட்டும் எண். அந்த எண் தினமும் ஏறியது. பெரும்பாலும் நான்தான் திறந்து ஏற்றிக்கொண்டிருந்தேன் என்பதை இப்போது சொல்வதில் வெட்கம் இல்லை. எங்கள் பகுதியில் வகுப்புக்கு வெப்சைட் வைத்த முதல் ஆசிரியர் நான் என்று ஹெச்.எம். ஒரு கூட்டத்தில் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தில் ரொம்ப நாள் வாழ்ந்தேன்.

பிறகு எட்டாம் வகுப்புக்கு ஒரு டீச்சர் வந்தார். நிரந்தர வேலை இல்லை, தினக்கூலி நியமனம். திருவனந்தபுரம் நகரத்துக் கரமனையில் பழைய அக்ரகாரத் தெரு ஒன்றிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். பள்ளியில் எல்லோரும் அவரைக் கரமனை டீச்சர் என்றே கூப்பிட்டோம். சின்ன வயது. கம்ப்யூட்டர் பற்றி என்னிடம் வந்து ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. முதல் மனத்தாங்கல் அங்கே தொடங்கியது.

என்னிடம் கேட்கவில்லையே தவிர, ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி எஸ்டேட்டுக்குப் போய் அம்மாக்களிடம் கேட்டிருக்கிறார். சிக்னல் கிடைக்கும் அந்த வளைவில் அவர்களோடு நின்று, அவர்களுடைய போனிலேயே என் வெப்சைட்டைத் திறந்து பார்த்திருக்கிறார். சூரியன் பாதி உதிப்பதற்குள் பஸ் வந்துவிட்டதாம். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. ஒரு பிள்ளை சொல்லி எனக்குத் தெரிந்தது. அம்மாக்களிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி: ஸ்கூலைப் பற்றி முதல் நாள் சாயங்காலமே உங்களுக்கு என்ன தெரிந்தாக வேண்டும்?

அந்தக் கேள்விக்கு வந்த பதில்தான் அவருடைய வெப்சைட். வெள்ளைப் பக்கம். படம் இல்லை, பாட்டு இல்லை. பெரிய எழுத்தில் தமிழில் ஐந்து வரி. நாளைக்குப் பள்ளி உண்டா இல்லையா. என்ன கொண்டுவர வேண்டும். வீட்டுப்பாடம் என்ன. பஸ் விவரம். சந்தேகம் இருந்தால் கூப்பிட ஒரு நம்பர். படிக்கத் தெரியாதவர்களுக்காக அதே ஐந்து வரியை அவரே வாசித்த குரல் பதிவு ஒன்று, அரை நிமிஷம். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பழையதை அழித்துவிட்டுப் புதியதைப் போடுவார். ஐந்து மணிக்கு அந்த வளைவில் ஆட்கள் கூட ஆரம்பித்தார்கள்.

என் சைட்டும் அவருடைய சைட்டும் எப்படி என்று யாரும் கேட்காமலே தீர்ப்புச் சொன்னவர் எங்கள் பள்ளிச் சமையல்காரி சரசம்மா. ஆட்கள் போகிற போக்கில் சொல்வதை ரசிப்பவன் நான். ஆனால் அன்றைக்கு ரசிக்க முடியவில்லை.

“சாரோட சைட்டு கல்யாண வீடு மாதிரியாக்கும். டீச்சரோடது பஸ் ஸ்டாண்டு போர்டு. கல்யாண வீட்டுக்கு நான் வருஷத்துல ரெண்டு தடவ போவேன் சாரே. பஸ் ஸ்டாண்டுக்கு டெய்லி போவேன்.”

சிரித்தேன். வீட்டுக்குப் போய் என் சைட்டைத் திறந்து, வீணைச் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. மறுவாரம் என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் அம்மா, ஒன்பதாம் வகுப்பு விவரத்தையும் டீச்சர் பக்கத்திலேயே ஒரு ஓரமாகப் போட முடியுமா என்று கேட்டார். என்னிடமே கேட்டார். அன்றிலிருந்து தினமும் ஐந்து மணிக்கு அந்த வெள்ளைப் பக்கத்தைத் திறக்கும் ஆட்களில் நானும் ஒருவன். மற்றவர்கள் விவரம் பார்க்கத் திறந்தார்கள். நான் தப்புப் பார்க்கத் திறந்தேன்.

ஒன்றும் பெரிதாக அகப்படவில்லை. ஒரு தடவை கிழமை மாறியிருந்தது. நான் அதைக் காட்டி யாரிடமாவது சிரிப்பதற்குள் அவரே திருத்திவிட்டார்.

அப்போதுதான் மழை வந்தது. எங்கள் மாவட்டத்தில் மழை பலத்தால் கலெக்டர் விடுமுறை அறிவிப்பார். கூடவே ஒரு வரி தவறாமல் இருக்கும்: முன்பே நிச்சயித்த பரீட்சைகளுக்கு மாற்றமில்லை. அந்தத் தடவை வியாழனும் வெள்ளியும் விடுமுறை. சனிக்கிழமை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஸ்காலர்ஷிப் பரீட்சை. காலையில் ஒரு தாள், மதியம் ஒரு தாள். இரண்டிலும் தேறினால் பிளஸ் டூ வரை படிப்புக்கு உதவி கிடைக்கும். எட்டாம் வகுப்பில் மட்டும்தான் எழுதலாம், அடுத்த வருஷம் என்று ஒன்று கிடையாது. லயத்திலிருந்து ஐந்து பேர் எழுத இருந்தார்கள். டீச்சர் அவர்களை மாதக் கணக்கில் தயார் செய்திருந்தார். பரீட்சை எங்கள் பள்ளியிலேயே பத்து மணிக்கு என்று புதன்கிழமை சாயங்காலம் பக்கத்தில் போட்டிருந்தார். அன்றைக்கு அது சரி.

வியாழன் காலையில் எங்கள் பள்ளியை நிவாரண முகாம் ஆக்கிவிட்டார்கள். ஆற்றோரத்து வீட்டுக்காரர்கள் பாயும் பாத்திரமுமாக வகுப்பறைகளில் வந்து தங்கினார்கள். பரீட்சை, வண்டியில் முக்கால் மணி நேரம் தள்ளியிருக்கும் நெடுமங்காட்டில் ஒரு பள்ளிக்கு மாறியது. ஹெச்.எம். அதை ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். நான் பார்த்தேன். எல்லோரும் பார்த்தார்கள், கரமனை டீச்சர் தவிர. அவர் பார்த்ததற்கான அடையாளம் வரவில்லை. கரமனையில் ஆறு ஏறியிருக்கிறது, கரண்ட் இல்லை, நெட் இல்லை, போன் பேச மட்டும் முடிகிறது என்று முகாமுக்கு வந்த இன்னொரு ஆசிரியர் சொன்னார்.

அன்று ஐந்து மணிக்கு அந்தப் பக்கத்தைத் திறந்தேன். பரீட்சை, நம் பள்ளி, பத்து மணி. பழைய வரி அப்படியே நின்றது.

தம்பி தங்கைகளே, அந்த நிமிஷம் என் மனசு எப்படி இருந்தது என்பதைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு போன் போட்டால் தீர்ந்தது. கையில் போன் இருந்தது, நம்பர் இருந்தது. யாராவது ஒரு அம்மா டீச்சரைக் கூப்பிட்டு, என்ன டீச்சர் இப்படிப் போட்டிருக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கட்டும், அதற்குப் பிறகு சரியாகட்டும் என்று நினைத்தேன். பிள்ளைகளுக்குக் கெடுதல் நினைத்தேனா என்றால், சத்தியமாக இல்லை. அவர்களைப் பற்றி நினைக்கவே இல்லை. அதுதான் அதைவிட மோசம்.

வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு மறுபடியும் திறந்தேன். அதே வரி. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. எந்த அம்மாவும் கூப்பிடப் போவதில்லை. அது தப்பு என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அந்தப் பக்கத்தை நம்புகிறவர்கள் அத்தனை பேருக்கும் அது சரி. அது தப்பு என்று தெரிந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரே ஆள் நான்தான்.

போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். “எப்போ தெரிஞ்சுது சார்?” என்றார்.

“இப்பத்தான் டீச்சர்” என்றேன்.

“நல்ல காலம், நீங்க பாத்தேள். எனக்கு இங்கே நெட்டே இல்லை. பாஸ்வேர்ட் சொல்றேன், எழுதிக்கோங்கோ. நீங்களே மாத்திடுங்கோ.”

ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். எத்தனையோ நாள் வெளியே நின்று கண் வைத்த வீட்டுக்குள் சாவியோடு நுழைந்தேன். வரியை மாற்றினேன். குரல் பதிவும் மாற்ற வேண்டுமே என்று மூன்று தடவை பேசிப் பதிவு செய்தேன். அதற்குள் அவர் ஐந்து வீட்டுக்கும் போன் போட்டார். நாலு வீட்டில் எடுத்தார்கள்; மழைக்குப் பயந்து அவர்கள் பிள்ளைகளோடு முன்பே கீழே சொந்தக்காரர் வீடுகளுக்கு இறங்கி வந்திருந்தார்கள். ஐந்தாவது நம்பர் எல்லைக்கு வெளியே இருப்பதாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. அது சுபிதா வீடு. லயத்தில் கடைசி வரிசை. அவளுடைய அப்பா தங்கராஜ்தான் சாயங்காலம் வளைவுக்கு இறங்கி வந்து பார்ப்பவர்.

கண்டக்டர் கையில் சீட்டு கொடுக்கலாம் என்று பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். மழையினால் அன்றைக்குக் கடைசி பஸ் மதியமே ஏறிவிட்டது. ரோட்டில் மரம் விழுந்து வேறு வண்டியையும் போலீஸ் விடவில்லை. வியாழக்கிழமை இரண்டு பஸ் மேலே போனது. எந்தக் கண்டக்டரிடம் கொடுத்திருந்தாலும் போதும்.

டீச்சரிடம் சொன்னேன். அவர் பதறவில்லை. காலையில் தான் நேராக நெடுமங்காடு போய்விடுவதாகவும், நான் எங்கள் பள்ளி வாசலில் நிற்க வேண்டும் என்றும் சொன்னார். “தப்பைப் படிச்சவா தப்பான இடத்துக்குத்தானே வருவா சார். அங்கே ஒருத்தர் நின்னா போறும்” என்றார். பக்கத்தில் திருத்திப் போட்டதோடு வேலை முடிந்தது என்று நினைத்திருந்தவன் நான். பழைய வரியைப் படித்துவிட்டுப் போனவர்களை யார் தேடிப் பிடிப்பது? அதை யோசித்தவர் அவர்.

சனிக்கிழமை மழை விட்டிருந்தது. முதல் பஸ் ஒன்பதே முக்காலுக்கு வந்தது. தங்கராஜும் சுபிதாவும் இறங்கினார்கள். அவள் ஹால் டிக்கெட்டையும் பேனாவையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். முகாமுக்கு வந்தவர்களின் துணி காயும் வாசலைப் பார்த்து இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள். நான் ஓடிப் போய்ச் சொன்னேன். தங்கராஜ் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“டீச்சர் பேஜ்ல இங்கன்னுல்லா சாரே போட்டிருந்து.”

“மாறிட்டு தங்கராஜ். நேத்து திருத்திப் போட்டோம். பாக்கலியா?”

“வியாழக்கிழமையே பாத்தாச்சு. டீச்சர் எழுதுனா எழுதுனதுதான். மறுக்கா எதுக்கு அந்த மழையில இறங்கி வந்து பாக்கணும்?”

ஒரு ஜீப்பைப் பிடித்தோம். வழியெல்லாம் மரக்கிளையும் சேறும். நெடுமங்காட்டுப் பள்ளி வாசலில் கரமனை டீச்சர் குடையை மடக்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மணி பத்து நாற்பது. கால் மணி நேரத்துக்கு மேல் தாமதமாக வந்தால் உள்ளே விடக் கூடாது என்பது விதி. டீச்சர் ஏற்கெனவே மேற்பார்வையாளரிடம் கெஞ்சிப் பார்த்திருந்தார். நானும் கெஞ்சினேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. வினாத்தாள் கட்டைப் பிரித்து நாற்பது நிமிஷம் ஆகிவிட்டது, தன் கையில் ஒன்றும் இல்லை என்றார். வேண்டுமானால் மதியத் தாள் எழுதட்டும், ஆனால் ஒரு தாளை வைத்துத் தேர்வு செய்ய மாட்டார்கள் என்று அவரே சொன்னார்.

வீட்டுக்குப் போகலாம் மோளே என்று தங்கராஜ் அவள் தோளைத் தொட்டார். சுபிதா நகரவில்லை.

“இல்லப்பா. வந்தாச்சுல்ல. மத்தியானத்தது எழுதிட்டே வாறேன்.”

எதற்கும் உதவாது என்று தெரிந்தே அந்தத் தாளை எழுதப் போனாள். நாங்கள் மூன்று பேரும் வெளியே ஒரு மதில் ஓரமாக நின்றோம். டீச்சர் என்னிடம், “நீங்க மட்டும் நேத்திக்குப் பாத்திருக்கலைன்னா அஞ்சு பேரும் போயிருப்பா சார்” என்று இரண்டு தடவை நன்றி சொன்னார். பொறாமையில் எரிந்த நாட்களில்கூட எனக்கு அவ்வளவு எரியவில்லை.

திங்கட்கிழமை ஹெச்.எம். டீச்சரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நானும் ஒரு கையெழுத்துக்காக அங்கே நின்றிருந்தேன். ஒரு பிள்ளை பரீட்சைக்கு வராததற்கு மேலிடத்துக்கு விளக்கம் எழுத வேண்டும். குழுவில் போட்ட அறிவிப்பைப் பார்க்காதது டீச்சரின் தவறு, அதை எழுதித் தர வேண்டும் என்றார் ஹெச்.எம். தினக்கூலி டீச்சர் அப்படி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் அடுத்த மாதம் அவரைக் கூப்பிட மாட்டார்கள். அது அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும். டீச்சர் கரண்டைப் பற்றியோ ஆற்றைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேனாவைத் திறந்தார்.

வாயை மூடிக்கொண்டு நிற்க எனக்கு அந்த நிமிஷமும் மனசு வந்தது. ஒரு மாதத்தில் அந்த வெள்ளைப் பக்கம் இல்லாமல் போகும், மறுபடியும் நான்தான் முதல் ஆள் என்று ஒரு மூலையில் கணக்கு ஓடியது. மறைக்கவில்லை, ஓடியது. பேனா காகிதத்தில் பட்டபோது சொல்லிவிட்டேன்.

“டீச்சர் எழுத வேண்டாம். பக்கத்துல பழைய இடம் கிடக்குதுன்னு வியாழக்கிழமையே எனக்குத் தெரியும். டீச்சர் மெசேஜ் பாக்கலைன்னும் தெரியும். நான் சொல்லல.”

ஏன் சொல்லவில்லை என்று ஹெச்.எம். கேட்டார். முகாம் வேலை, மறதி என்றெல்லாம் நாக்கின் நுனிவரை வந்தது.

“பொறாமை” என்றேன்.

ஹெச்.எம். மலையாளி, தமிழ் தெரிந்தவர். “பொறாமைன்னு ஒரு ரிப்போர்ட்டுல எப்படி சாரே எழுதும்?” என்றார். கடைசியில், தகவலை உரிய நேரத்தில் தெரிவிக்கத் தவறினேன் என்று என் கையால் எழுதிக் கொடுத்தேன். எனக்கு ஒரு மெமோ வந்தது. டீச்சரின் வேலை தப்பியது.

வராந்தாவில் அவர் எனக்கு முன்னால் நடந்தார். படி இறங்கும் இடத்தில் நின்று, “சுபிதா அப்பாகிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்கோ சார். என் பேரைத் தப்பா நினைச்சிண்டிருக்கப்படாது” என்றார். அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு பஸ் ஏறி மேலே போனேன். அந்த டீச்சர் ஏறிய அதே பஸ்ஸில், அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக. தங்கராஜ் லயத்து வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். சுபிதா உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். முழுதும் சொன்னேன். கோடாலியைக் கீழே வைத்தார்.

“அப்ப சாரும் டெய்லி டீச்சர் பேஜ் பாப்பீயளா?”

“பாப்பேன்.”

“தப்புக் கண்டுபிடிக்கவா?”

“ஆமா.”

அவர் சிரிக்கவில்லை. “எங்களுக்கு அத அப்படிப் பாக்கத் தெரியாது சாரே. போட்டா நம்பிருவோம். நீங்க இனியும் பாருங்க. கண்டா, அன்னைக்கே சொல்லிரணும், கேட்டோ.”

சுபிதா டீத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். தேர்வானவர்கள் பட்டியல் வந்தபோது அதில் மற்ற நாலு பேரில் இரண்டு பேர் இருந்தார்கள். அடுத்த வருஷம் ஒன்பதாம் வகுப்பில் அவள் என் முன்னால் உட்கார்ந்தாள், முதல் பெஞ்சில். நான் பாடம் எடுக்கும்போது அவள் கண்ணை நேராகப் பார்க்க எனக்குப் பல நாள் ஆனது.

என் சைட்டில் சூரியனை அணைத்துவிட்டேன். ஒன்பதாம் வகுப்புக்கும் ஐந்து வரி, வெள்ளைப் பக்கம். டீச்சரிடம் கேட்டுத்தான் செய்தேன். மாற்றிய வரி எதுவானாலும் அதை எல்லாவற்றுக்கும் மேலே, மாற்றிய நேரத்தோடு போட வேண்டும் என்று இரண்டு பேரும் சேர்ந்து வைத்துக்கொண்டோம். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். அதைவிட முக்கியமாக, உங்கள் பக்கத்தைத் தினமும் பார்க்க ஒரு ஆளை வையுங்கள். உங்களைப் பிடித்த ஆள் வேண்டாம். அவர் பாதி படித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஸ்டாஃப் ரூமில் உங்களைப் பார்த்து முகம் சுளிக்கிற ஒருவர் இருப்பார். அவரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது, கண்டால் அன்றைக்கே சொல்ல வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஓய்வு பெறும் நாள்வரை அந்த டீச்சருக்கு அந்த ஆள் நான்தான். ஐந்து மணிக்குத் திறப்பேன், வரிவரியாகத் தப்புத் தேடுவேன், கண்டால் ஐந்து நிமிஷத்துக்குள் போன் செய்வேன். பொறாமை போய்விட்டதா என்று கேட்காதீர்கள். தப்பு ஒன்றும் கிடைக்காத நாளில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. அன்றைக்கும் போன் செய்து, எல்லாம் சரி டீச்சர் என்று சொல்வேன். அதைச் சொல்வதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.